குழல் மாற்றிய சனிக்கிழமை

என் சாப்பாட்டு மேசையில் துவக்கு வைக்கக் கூடாது என்று மகளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஒரு நாட்டையே விட்டு ஓடிவந்தவள் நான். டென்மார்க்கில் ஸ்கீவ என்ற ஊரில் குடியேறி, முதியோர் இல்லத்தில் முதுகு ஒடிய வேலை செய்து, கடன்பட்டு ஒரு வீடும் வாங்கி, அந்த வீட்டில் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் துவக்கைப் பார்க்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. அவள் கேட்டால்தானே? தூரத்துப் பிரெடெரிசியா நகரில் வேலை, டெனிஷ்காரக் காதலன், அவனுடைய தகப்பனுக்குச் சொந்தமாகப் பண்ணையும் காடும். வேட்டைப் பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, துவக்கும் வாங்கிவிட்டாள். ஊரில் எல்லாரும் பிள்ளைக்குப் பரதம் பழக்கினார்கள். எனக்கு வாய்த்தது வேட்டைக்காரி.

அந்தப் பண்ணை எங்கள் வீட்டுக்குக் கிட்ட. அதனால் வேட்டைக்காலத்தில் சனி ஞாயிறு எங்களோடுதான் இருப்பாள். அந்த ஒக்டோபர் சனிக்கிழமையும் பின்னேரம் தேத்தண்ணி குடித்த கையோடு மேசையைத் துடைத்து, ஒரு பழைய துவாயை விரித்து, துவக்கைக் கொண்டுவந்து கிடத்தினாள்.

"வெடி கிடக்கோ?" என்று கேட்டேன்.

தோட்டா போகிற வாயை மூடுகிற போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே வெறுமையாக இருப்பதை எனக்குக் காட்டினாள். ஒவ்வொரு தரமும் காட்டுவாள். அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன்.

போன கிழமை பெரிய கொம்பு மான் வேட்டை. அதற்குத் தடித்த குண்டு. இன்றைக்குச் சின்ன மான், அதற்கு மெல்லிய குண்டு. இரண்டு துவக்கு வாங்கத் தேவையில்லையாம், குழலை மாற்றினால் போதுமாம். போல்ட்டைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தாள். துவக்கின் அடியில் இருந்த இரண்டு திருகாணிகளைச் சாவியால் தளர்த்தினாள். குழல், மேலிருந்த தொலைநோக்கியோடு அப்படியே கையில் வந்தது. மெல்லிய குழலை அந்த இடத்தில் இருத்தி, திருகாணிகளை இறுக்கினாள். அடுப்புக்குக் காஸ் சிலிண்டர் மாற்றுவதற்கே நான் இதைவிடக் கூட நேரம் எடுப்பேன்.

"அம்மா, இந்தப் பெட்டியில என்ன நம்பர் இருக்கு? வாசியுங்கோ" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோட்டாப் பெட்டியில் இருந்ததை வாசித்தேன். அவள் குழலில் பொறித்திருந்ததை வாசித்தாள். இரண்டும் ஒன்று.

"ஒண்டில்லாட்டி?"

அவள் டெனிஷுக்கு மாறினாள். இந்த இரண்டு வகைத் தோட்டாவும் அக்கா தங்கை மாதிரி, போல்ட்டும் பொதுதான், மாறிப் போட்டாலும் உள்ளே போய்விடும். ஆனால் தடித்த குண்டு மெல்லிய குழலுக்குள்ளால் போகாது. துவக்கு சுடுகிற ஆளின் முகத்துக்கு முன்னாலேயே வெடிக்கும். வானிலை அறிக்கை வாசிக்கிற குரலில் இதைச் சொல்லி முடித்து, தடித்த குழலை இரும்பு அலுமாரியில் பூட்டப் போனாள்.

என் மனுசன் இவ்வளவு நேரமும் மேசைக்குக் கிட்ட வரவில்லை. துவக்கு வெளியே வந்தால் அவர் முன்னறையில்தான் நிற்பார். நல்ல மனுசன். தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர், ஞாயிறு பூசை தவறவிடாதவர். பூசைக்குப் போனாலும் சாத்திரம் பார்ப்பதை மட்டும் விடமாட்டார். வெளிக்கிடுகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது, தும்மினால் இருந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும், வாசல் தாண்டியவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. பாதிரியாரிடம் சொல்லிக்கொடுப்பேன் என்று நான் வெருட்டுவதுண்டு. சிரிப்பாரே தவிர மாற மாட்டார்.

மகள் வேட்டைச் சட்டையை மாட்டிக்கொண்டு, துவக்குப் பையைத் தோளில் போட்டாள். "போட்டு வாறன்" என்றாள். கார் போய்விட்டது.

துவாயை மடிக்க எடுத்தேன். ஓர மடிப்பில் பாதி மறைந்தபடி ஏதோ கிடந்தது. நான் வாசித்த அதே தோட்டாப் பெட்டி.

"இஞ்சருங்கோ, இதை விட்டிட்டெல்லே போட்டாள்!"

"கண்டனான்" என்றார்.

"கண்டனீங்களோ? ஏன் சொல்லேல்லை?"

"முன்னறையில நிண்டு கண்டனான், அதுக்குள்ள வாசல் தாண்டிட்டாள். கொஞ்சம் போகட்டும், பிறகு போன் எடுத்துச் சொல்லுவம் எண்டு நிண்டனான்."

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. தோட்டா இல்லாவிட்டால் சுட முடியாது, மானுக்கு நல்ல காலம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் அவர் ஆறுதலாகச் சொன்னார், "அவளின்ர வேட்டைச் சட்டையில கொஞ்சத் தோட்டா செருகிக் கிடந்தது. போன கிழமை அதை ஆணியில கொழுவேக்க பார்த்தனான். அது காணும்தானே."

போன கிழமைத் தோட்டா. தடித்தது.

அவளுக்குப் போன் எடுத்தேன். அடித்தது, அடித்து ஓய்ந்தது. வேட்டைக்குப் போகும்போது சத்தத்தை நிறுத்திவிடுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அழுத்தினேன். காதலன் அன்றைக்கு ஊரில் இல்லை, அவனுடைய தகப்பனின் நம்பர் எங்களிடம் இல்லை. காரை எடுங்கோ என்று கத்தினேன்.

அவர் வாழ்நாளில் வேகம் மீறி ஓடியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை. ஒரு உழவு இயந்திரத்துக்குப் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்தோம்.

"முந்துங்கோ!"

"முன்னால வாகனம் வருது."

"பிள்ளை போகேக்க வாயில கொழுக்கட்டையோ வைச்சிருந்தனீங்கள்? பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா வானம் இடிஞ்சு விழுந்திருக்குமோ?"

அவர் எட்டிப் பார்த்து, திரும்பவும் உழவு இயந்திரத்துக்குப் பின்னாலேயே ஒதுங்கினார். நான் மாதாவைக் கூப்பிட்டேன், நடுவில் அவரைத் திட்டினேன், திரும்பவும் மாதாவைக் கூப்பிட்டேன். வெளிச்சம் இறங்கத் தொடங்கிவிட்டது. மான் காட்டை விட்டு வெளியே வருவது இந்த நேரத்தில்தான் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

பண்ணை முற்றத்தில் அவள் கார் மட்டும் நின்றது. வீட்டுக் கதவைத் தட்டினேன், ஒருவரும் இல்லை. மனுசன் ஹோர்னை அமத்திப் பிடித்தார். வயலில் காகங்கள் எழும்பின. காற்று எங்கள் முகத்தில் அடித்தது, காட்டுப் பக்கம் சத்தம் போயிருக்காது. கோடையில் கோப்பி குடிக்க வந்தபோது வேட்டைக்கு ஏறி இருக்கிற பரணை எங்களுக்குக் காட்டியிருந்தார்கள், ஊசியிலை மரங்களுக்கு அங்கால், வண்டிப் பாதை முடிகிற இடத்தில். அவருக்கு முழங்கால் சரியில்லை. தோட்டாப் பெட்டியோடு நான் இறங்கி ஓடினேன்.

துவக்கோடு ஆள் இருக்கிற காட்டுக்குள் சொல்லாமல் ஓடுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். சேறு சப்பாத்தைப் பிடித்து இழுத்தது. மரங்கள் முடிந்ததும் பரண் தெரிந்தது.

முதுகை எனக்குக் காட்டியபடி இருந்தாள். துவக்குக் குழல் முன்கட்டையில் படிந்திருந்தது. கன்னம் துவக்கோடு ஒட்டியிருந்தது. அவளுக்கு நேரே வயல் ஓரத்தில் ஒரு மான், தலை குனிந்து மேய்ந்துகொண்டு.

இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"பிள்ளை! சுடாதை! சுடாதை!"

மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது. அவள் திரும்பினாள். உங்களுக்கு விசர் பிடித்துவிட்டதா என்று டெனிஷில் கத்தினாள். அவள் என்னைப் பார்த்து அப்படிக் கத்தியதே இல்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு தோட்டாப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

அதைக் கண்டதும் போல்ட்டை இழுத்தாள். வெளியே வந்த தோட்டாவை உள்ளங்கையில் ஏந்தி, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தாள். மற்றத் தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏணியால் இறங்கி வந்தவள் புல்லில் அப்படியே இருந்துவிட்டாள்.

"சட்டையில கிடந்ததைப் போட்டிட்டன்" என்றாள். "மூச்சைப் பிடிச்சிட்டன் அம்மா. விசையை அமத்துறதுதான் மிச்சம்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அள்ளி மடியில் போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. பக்கத்தில் இருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருட்டுவதற்குள் எழும்பினோம். துவக்கை அவள் தூக்கிக்கொண்டாள், தோட்டாக்களை நான் வாங்கி என் பொக்கற்றில் போட்டேன்.

கார் விட்ட இடத்திலேயே எஞ்சின் ஓடியபடி நின்றது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. மனுசன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தியபடி இருந்தார். நாங்கள் வந்ததை அறியவில்லை. கதவைத் திறந்தேன், அப்போதும் அசையவில்லை. ஒரு கையைப் பிடித்துக் காதிலிருந்து இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

"வெடி கேட்டுதோ?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இல்லை. பின்னால நிக்கிறாள், பாருங்கோ."

அவரால் திரும்ப முடியவில்லை. மகள்தான் காரைச் சுற்றி வந்து, முன் விளக்கு வெளிச்சத்தில், அவர் கண்ணைத் திறக்கும்வரை நின்றாள்.