சாந்தாமணியின் ஃப்ரீஸரும் நாலு பீர் டிரம்மும்

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பிரசவமாகி வீடு திரும்பும் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் ஒரு மாதத்துப் பத்தியச் சாப்பாடு சாந்தாமணியின் கராஜிலிருந்துதான் போகும். ஊரிலிருந்து அம்மாவுக்கு விசா கிடைக்காதவர்கள் வேறு எங்கே போவார்கள்? பூண்டுக் குழம்பு, கோழிச் சாறு, பால்சுறாப் புட்டு என்று டப்பா டப்பாவாக உறையவைத்து, தேதி எழுதி, பெட்டி ஃப்ரீஸரில் அடுக்கிவிடுவாள். வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வந்தவளுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. இந்த ஜூலையில் அதில் இருந்ததெல்லாம் யாழ்ப்பாணத்துப் பெண் வதனிக்கு.

புருஷன் கிட்டுசாமிக்கு வேறு கவலை. கராஜில் பீர் காய்ச்சிக் காய்ச்சி நாலு எஃகு டிரம் சேர்ந்துவிட்டது. அவற்றைக் குளிரவைக்கப் பழைய ஃபிரிட்ஜா, ஃப்ரீஸரா? ஒரு மாதம் இதே ரோதனை. இன்டர்நெட்டில் முன்பின் தெரியாத நாலு பேரிடம் யோசனை கேட்டார். கட்டம் போட்டு அட்டவணை எழுதினார்.

"பழைய ஃபிரிட்ஜ் ஒண்ணு வாங்கிக்கக் கூடாதுங்களா?" என்றாள் சாந்தாமணி.

"ஃபிரிட்ஜுல ரெண்டுதான் ஃபிட் ஆகும். அடியில கம்ப்ரஸர் மேடு வேற. ஃப்ரீஸர்னா நாலும் நிக்கும். குளிரக் கொறைக்கிற கன்ட்ரோலர் போட்டா பீர் உறையாது."

"அப்பப் புதுசா ஒரு ஃப்ரீஸர் வாங்குங்க. என்னோடதத் தொடாதீங்க." சொல்லிவிட்டு, மில்பிடாஸிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போனாள்.

திரும்பி வந்ததும் ஃப்ரீஸர் மூடியைத் தூக்கினாள். குப்பென்று நாற்றம் அடித்தது. நாலு டிரம்மும் நடுநாயகமாக நின்றன. மேலே இண்டு இடுக்கில் திணித்திருந்த டப்பாக்கள் உப்பி, மூடி பிதுங்கி, சுறாத் தண்ணீர் டிரம்மின் மேல் கொழகொழவென்று வழிந்திருந்தது. கோழிச் சாற்றில் நுரை. சீ! அவளுக்கு மீனைவிட அந்த மனுஷன்மேல்தான் அருவருப்பு அதிகம் வந்தது.

கிட்டுசாமி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "முப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்லதான் வெச்சேன். ஃபிரிட்ஜும் அதே குளிர்தான? சாப்பாடு கெடாதுன்னு நெனச்சேன்."

"பத்து நாளைக்கு ஃபிரிட்ஜுல கறி மீனு வெப்பாங்களா? ஃப்ரீஸர் எதுக்குங்க இருக்குது?"

அவர் குனிந்து ஒரு டிரம்மின் மூடியைத் துடைத்தார், தட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தார். "நல்லவேளை, பீருக்கு ஒண்ணும் ஆகல."

சாந்தாமணி டப்பாக்களை ஒவ்வொன்றாக வாரிக் குப்பைப் பையில் கொட்டினாள். இரண்டு முறை வெளியே ஓடி வாந்தியெடுத்தாள். வதனி முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள், நாளைக் காலை குழந்தையோடு வீட்டுக்கு வருகிறாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், மாற்றுப் புடவை நாலும் குக்கரும் அரிசிப் பையும் எடுத்துக் காரில் வைத்தாள்.

"எங்க போற?"

"வதனி வீட்டுக்கு. ஒரு மாசம் அங்கயே இருந்து ஆக்கிப் போடறேன்."

"ஒரு மாசமா? அப்ப எனக்குச் சாப்பாடு?"

சாந்தாமணி கார்க் கதவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு இனி என்ன பண்றதுன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு இத்தன நேரம் பாத்தேனுங்க" என்றாள். காரை எடுத்தாள்.