சுகதன் கடையின் காலி நாற்காலி

இலவுமுக்கு ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தாடி வளர்க்க ஆரம்பித்தது எந்தச் சாமிக்காகவும் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். இருபத்திரண்டு வருஷமாக சுகதனின் முடிவெட்டும் கடைக்கு அடுத்த கடையில் துணி தேய்க்கிறேன். சங்கரன்கோவில்காரன்தான், ஆனாலும் இந்தக் கேரளத்து முக்கில் யார் வேட்டியில் எந்தக் கறை என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். என் பெயர் மாடசாமி. இங்கே யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எல்லாருக்கும் நான் அண்ணாச்சி.

சுகதனுக்கு நாற்பத்தி நாலு வயசு. பேசமாட்டான். முடிவெட்டுகிறவனுக்கு அது பெரிய குறை என்பார்கள், ஆனால் அதனாலேயே இரண்டு கட்சிக்காரர்களும் அவனிடம்தான் வந்தார்கள். ஒருவன் திட்டுவதை இன்னொருவனிடம் போய்ச் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை. அந்த ஒரு நாற்காலியில்தான் அவன் வீடு ஓடியது, மனைவி பிரசன்னாவின் தையல் மிஷின் வந்தது, மகள் நர்சிங் படித்தாள்.

இங்கே மிதுன மாசம், நம்ம ஊர் ஆனி. மழைநாள். காலை ஒன்பது மணி. ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் சதாசிவன் பிள்ளை சார் முகத்தில் பாதி நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பெஞ்சில் ரப்பர் வியாபாரி வர்க்கிச்சன் முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு கடைகளும் அவருடைய கட்டடத்தில்தான். சுகதன் திடீரென்று, "சார், ஒரு மாதிரி வருது" என்றான். கத்தியை மடக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தான். இரண்டு எட்டு பின்னால் போனான். அப்புறம்தான் விழுந்தான். கடைவாசலில் நின்று இந்த வரிசையை என் கண்ணால் பார்த்தேன்.

கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பிள்ளை சார் நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார்.

"இரும்பு! அவன் கையில இரும்பு குடுங்கடா!"

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது இங்கே பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே எல்லாரும் படித்துவிடுகிற பாடம். முப்பது வருஷம் விஞ்ஞானம் நடத்திய பிள்ளை சாரும் அதை மறக்கவில்லை. வர்க்கிச்சன் பதறிப்போய்க் கார் சாவியை எடுத்தார். பட்டன் வைத்த பிளாஸ்டிக் சாவி.

"சார், இதுல இரும்பு இருக்குமா?"

"உள்ள இருக்கும், குடு!"

"உள்ள பேட்டரிதான் சார் இருக்கு."

பிள்ளை சார் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, உன் தேய்ப்புப் பெட்டிய எடு!"

"அதுல நெருப்பு இருக்கு சார். கை வெந்துபோகும்."

"மனுஷன் உயிர் போகுது, நீ நெருப்பப் பத்திப் பேசுற!"

அவர் எடுப்பதற்குள் ஓடிப்போய்ப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் விடாததைப் பார்த்து, அவர் கண்ணாடிக்குக் கீழே இருந்த சவரக்கத்தியை எடுத்தார். கைப்பிடி பிளாஸ்டிக். இரும்பு இருப்பது மறுபக்கம். விஞ்ஞான மூளை அல்லவா, உடனே கணக்குப் போட்டது. கத்தியை விரித்து, இரும்பு படுகிற மாதிரி சுகதனின் முஷ்டிக்குள் திணித்தார். கத்தியோடு சேர்ந்து அந்தக் கை வெட்டி இழுத்தது.

சுகதனின் உள்ளங்கையில் மூன்று தையல். பிள்ளை சாரின் முழங்கைக்குக் கீழே நாலு தையல். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் ரத்தம் விழுந்தது அன்றைக்கு மட்டும்தான். வலிப்பு என்னவோ இரண்டே நிமிஷத்தில் தானாக நின்றுவிட்டது.

மத்தியானத்துக்குள் ஊரில் கதை தயாரானது. சுகதனுக்கு வலிப்பு வந்ததாம், கத்தியை வீசினானாம், சார் கழுத்து தப்பியது கடவுள் புண்ணியமாம். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு பிள்ளை சார் எல்லாரிடமும், "பாவம், அவனை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று பெரிய மனசோடு கேட்டுக்கொண்டார். நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் வாரத்துக்குப் பதினொரு கஞ்சி வேட்டி தருகிறவர் அவர். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

தாலுக்கா ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்து வலிப்பு நோய்தான் என்று சொன்னாள். இதற்கு முன்னால் ஒரு தடவை தூக்கத்தில் வந்ததை இவர்கள் கெட்ட கனவு என்று நினைத்திருந்தார்களாம். மாத்திரை ரெண்டு வேளை, நேரம் தவறக்கூடாது. தூக்கம் கெடக்கூடாது. அவள் சொல்கிற வரை பைக் வேண்டாம், சவரக்கத்தி வேண்டாம். நுனி மழுங்கிய கத்தரியும் முடிவெட்டும் மெஷினும் பிடிக்கலாம். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அஞ்சு நிமிஷம் தாண்டினால் இங்கே தூக்கி வர வேண்டும். கையிலும் வாயிலும் எதையும் திணிக்கக்கூடாது.

சுகதன் அன்றைக்கே கத்தியைப் பெட்டியில் பூட்டினான். 'ஷேவிங் இல்லை, முடிவெட்டு மட்டும்' என்று அட்டையில் எழுதி மாட்டினான். யாரும் வரவில்லை.

யாரும் பயம் என்று சொல்லவும் இல்லை. அதுதான் இந்த ஊரின் பண்பாடு. ஒருத்தர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னார், கழுத்தில் மாலையைக் காணோம். பைபாஸ் வேலை முடிகிறவரை தாடி எடுப்பதில்லை என்று ஒரு தோழர் சபதம் செய்தார். வர்க்கிச்சன் நோன்பு என்றார்; ஈஸ்டர் முடிந்து மூணு மாசம் ஆகியிருந்தது. தாடிக்குச் சமாதானம் கிடைத்தது, தலைமுடிக்குத்தான் கிடைக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் ஒன்பது கிலோமீட்டர் பஸ் ஏறிப்போய் முடி வெட்டிக்கொண்டு, தொப்பி போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

கடைக்கு வராதவர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். மூணு பேர் சேர்ந்தால் ஒரு கமிட்டி போடாமல் இங்கே யாருக்கும் சாப்பாடு இறங்காது. 'சுகதன் சகாய சமிதி' உதித்தது. பிள்ளை சார் தலைவர், வர்க்கிச்சன் செயலாளர். மறுநாளே முக்கில் எட்டடி ஃப்ளெக்ஸ். அதில் சுகதனின் படம், கண் பாதி மூடி. கீழே கொட்டை எழுத்தில்: 'வலிப்பு நோயாளி சுகதனுக்கு நம் கைத்தாங்கல்.'

பிரசன்னா அதை அண்ணாந்து பார்த்தாள். "எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பெரிசா போட்டோ வைக்கல அண்ணாச்சி. பொண்ணு பாக்க வர்றவன் இனி விலாசமே கேக்க வேண்டாம்."

சமிதி அவர்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். சுகதனுக்கு லாட்டரி டிக்கெட் விற்கிற தட்டு ஒன்று வாங்கித் தருவதாகவும், சிங்க மாசம் ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மேடை போட்டு ஒப்படைப்பதாகவும் முடிவாகியிருந்தது. அதே மேடையில் சுகதன் கடைச்சாவியை வர்க்கிச்சனிடம் கொடுக்க வேண்டும். வர்க்கிச்சனின் மருமகன் பேக்கரி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான், அதை யாரும் பேசவில்லை.

"இவர்கிட்ட யாராவது கேட்டீங்களா சார்?" என்றாள் பிரசன்னா.

"உதவி செய்யறதுக்குக் கேக்கணுமா மோளே?" என்றார் பிள்ளை சார்.

"உதவி செய்யணும்னா முடி வெட்டிக்க வாங்க. உங்க தலை காடா கெடக்கு."

பிள்ளை சார் தலையைத் தடவினார். வர்க்கிச்சன் டீ டம்ளருக்குள் பார்த்தார். சுகதன்தான் கடைசியில் வாயைத் திறந்தான். "அந்த ஞாயித்துக்கிழமை கடை திறப்பேன். இந்த முக்குக்காரன் ஒருத்தன், ஒரே ஒருத்தன், என் நாற்காலியில உக்காந்தா நான் போகமாட்டேன். யாரும் வரலன்னா சாவி உங்களுக்கு." நான் கேட்டதிலேயே அவன் பேசின நீளமான பேச்சு அது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ஷெட்டில், மாசத்தில் ரெண்டாவது சனிக்கிழமை, வலிப்பு உள்ளவர்கள் கூடுவார்கள். டாக்டரம்மா கட்டாயமாக வரச் சொன்னாள். பிரசன்னாவுக்கு அன்றைக்குத் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலை இருந்ததால் நான் அவனோடு போனேன். உள்ளே போக அவனுக்குக் கால் வரவில்லை. "எல்லாரும் விழுந்து கெடப்பாங்களோ அண்ணாச்சி?" என்றான்.

யாரும் விழுந்து கிடக்கவில்லை. பருப்புவடை தின்றுகொண்டிருந்தார்கள். ஔசேப்பு என்கிற கொத்தனார் எழுந்து நின்று, "பத்தொன்பது வயசுல எனக்கு வந்துச்சு. சாரத்துல ஏறக்கூடாதுன்னுட்டாங்க. இப்ப தரைக்கு டைல்ஸ் ஒட்டறேன். தரையிலேருந்து எங்க விழறது?" என்றான். ஷெட்டே சிரித்தது. சுகதனும் சிரித்தான். ரெண்டு மாசம் கழித்து அவன் பல்லைப் பார்த்தேன்.

மூலையில் ஒருத்தன் மட்டும் சிரிக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிரமோத். பிள்ளை சாரின் ஒரே மகன். கோட்டயத்தில் பேங்க் வேலை, முப்பத்தி நாலு வயசு. "அவனுக்குப் பொண்ணு அமையல, ரொம்ப செலக்ட் பண்றான்" என்று அப்பா பத்து வருஷமாகச் சொல்லிவருகிற மகன்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, இங்க பாத்ததா ஊர்ல சொல்லிடாதீங்க. அப்பா செத்துப்போவார். பன்னிரண்டு வருஷமா மூடிவச்சிருக்கார். வீட்டுல எனக்கு வந்தா முதல்ல ஜன்னலைச் சாத்துவார், அப்புறம்தான் என்னைப் பிடிப்பார்."

எனக்கு வந்த கோபத்தில், அன்றைக்குக் கடையில் கத்தியைத் திணித்தது யார் என்பதை அவனிடம் சொல்லிவிட்டேன். பிரமோத் என் கையை விட்டுவிட்டான். "சுகதன் சேட்டன்தான் வீசினார்னு அப்பா சொன்னார்" என்றான். அப்புறம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். ஊருக்குத் திரும்பி, கேட்டவன் கேட்காதவன் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன். பதினொரு வேட்டி போனது. என் பேச்சை யாரும் நம்பவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதிரே பஸ் ஸ்டாப் பக்கத்தில் மேடை, பலூன் கட்டிய லாட்டரித் தட்டு, நாலு திசைக்கும் ஒலிபெருக்கி. சுகதன் எட்டு மணிக்கே கடை திறந்து, நாற்காலியைத் துடைத்துவிட்டு வாசலில் நின்றான். துணைக்கு ஔசேப்பு இருபது கிலோமீட்டர் தாண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "நான் உக்காந்துடவா சேட்டா?" என்றான். "நீ இந்த முக்குக்காரன் இல்லையே" என்றான் சுகதன். சங்கரன்கோவில்காரனான என்னிடமும் காலையிலேயே அதைத்தான் சொல்லியிருந்தான். வார்த்தை என்றால் அவனுக்கு வார்த்தை. பத்தரைக்கு அவன் சட்டைப்பையிலிருந்து கடைச்சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். பிரசன்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேடையில் பிள்ளை சார் மைக்கைப் பிடித்திருந்தார். "இப்படிப்பட்ட நோயாளிகளை நாம ஒதுக்கக் கூடாது. அதே சமயம், அவங்களுக்கு ஏத்த இடத்துல, பாதுகாப்பா..."

கோட்டயம் பஸ் நின்றது. பிரமோத் இறங்கினான். மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து நேராகக் கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் காதோரம் வியர்வை ஓடியது.

"சேட்டா, பின்னால கொஞ்சம் குறைச்சு விடுங்க."

சுகதன் எடுத்த கத்தரியைத் திரும்ப வைத்தான். பயத்தில்தான். "உங்க அப்பா பாக்கறார் மோனே."

"பாக்கட்டும்."

கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பியது. முன்வரிசையிலிருந்து வர்க்கிச்சன் கத்தினார். "எடா பிரமோதே, எழுந்திரு! அவனுக்கு வலிப்புடா!"

பிரமோத் நாற்காலியைச் சுழற்றித் தெருவைப் பார்த்தான். "எனக்கும்தான் முதலாளி. பன்னிரண்டு வருஷமா."

பிள்ளை சார் மேடை விளிம்புவரை வந்தார். இவ்வளவு காலம் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் மகனிடம் கேட்டுவந்த கேள்வி அவர் வாயில் வந்தது. கையில் மைக் இருப்பதை மறந்துபோனார். நாலு ஒலிபெருக்கியிலும் அது கேட்டது.

"மோனே... காலை மாத்திரை போட்டியா?"

"போட்டேன் அச்சா," என்றான் பிரமோத், அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக. "எட்டு மணிக்கே போட்டேன்."

மைக்கை யாரும் அணைக்கவில்லை. பிள்ளை சார் மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம் முக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. சுகதன் துண்டை உதறி பிரமோத்தின் கழுத்தில் போர்த்தினான்.