டீசல் ஜீப்பும் மாசிலாமணி அண்ணன் மீசையும்: ஜவ்வாது மலையில் மூன்று நாள்

பழைய ஜீப்பில் ஜவ்வாது மலைக்குப் போகலாமா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். இப்போது ஜமுனாமரத்தூர் வரை தார்ச்சாலை இருக்கிறது, பஸ் போகிறது, மேலே டீ கிடைக்கிறது. நான் போனது 1966 தை மாதம். அப்போது போளூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு இருந்தது மரவண்டிகள் போய்ப் போய் உண்டான தடம் மட்டுமே. பயணம் மூன்று நாள்தான். ஆனால் அதற்காக வண்டி கட்டியது பதினான்கு மாதம். எனவே முதலில் வண்டி.

செஞ்சி கடைத்தெருவில் என் நைனாவுக்கு இரும்புக்கடை. முன்பக்கம் புது இரும்பு, பின்பக்கம் பழைய இரும்பு. சென்னையில் நடந்த மிலிட்டரி ஏலத்தில், நைனாவிடம் சொல்லாமல், எழுநூறு ரூபாய்க்கு ஒரு யுத்தகால ஜீப்பை எடுத்துவிட்டேன். அதன் பெட்ரோல் இன்ஜின் பிளக்கப்பட்ட தேங்காய் போல வெடித்திருந்தது. அதை ஊருக்கு ஏற்றி வந்தது மாசிலாமணி அண்ணனின் லாரி. சொந்த லாரியைச் சொந்தமாக ஓட்டுபவர். இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. எதையும் ஓட்டத் தெரிந்தவர் தாம் ஒருவரே என்ற நினைப்பு. இறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா ஏழுமல, இத ஓட்டப் போறியா, இல்ல முருங்கைக் கொடி ஏத்தப் போறியா?"

முருங்கை மரம், கொடி இல்லை அண்ணா என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

சில வாரம் கழித்து, திண்டிவனம் சாலையில் மோதி நசுங்கிய ஒரு வேன் பழைய இரும்பாகக் கடைக்கு வந்தது. அதில் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின். போல்ட் வாங்க வந்திருந்த அப்பாண்டைராஜ் அதைப் பார்த்து நின்றுவிட்டான். மேல்சித்தாமூர்க்காரன், சமணக் குடும்பம், என் வயது. கிணற்று டீசல் மோட்டாரைத் தானே பிரித்துத் தானே மாட்டுவான். இன்ஜினின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது சாகலடா. மூச்சு அடைச்சிக்கினு இருக்குது, அவ்ளோதான்" என்றான். அந்த நிமிஷமே எங்கள் கூட்டு ஏற்பட்டது.

டீசல் இன்ஜினை ஜீப்பில் உட்கார வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்க நடுவில் அரை அங்குல இரும்புத் தகடு ஒன்று கடைந்து போட வேண்டும். அதன் நடுப்புள்ளி ஒரு மயிரிழை தவறினாலும் கிளட்ச் உதறும். எங்களுக்கு இரண்டு தகடு வீணாகி மூன்றாவதுதான் பொருந்தியது. இன்ஜின் பளு அதிகம், ஆகவே முன் ஸ்பிரிங்குக்கு இரண்டிரண்டு பட்டை கூட்டினோம். ரேடியேட்டர் லாரியுடையது, அதனால் பானெட் மூடவில்லை. மூடாத இடத்தை வெட்டி எடுத்துவிட்டோம். ஜீப்பின் ஆறு வோல்ட் பேட்டரிக்கு டீசல் அசையவே இல்லை, பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஒயரிங் முழுவதையும் மாற்றினோம். பின்னால் இருபது லிட்டர் கேன் இரண்டு, தண்ணீர் டின், மண்வெட்டி, கடப்பாரை, சங்கிலி, தார்ப்பாய்.

அப்பாண்டையிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. சூரியன் விழுந்தபின் எதுவும் சாப்பிட மாட்டான், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். பகலிலும் தண்ணீரை இரண்டாக மடித்த கெட்டித் துணியில் வடிகட்டித்தான் குடிப்பான். கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர் எதுவும் தன்னால் போய்விடக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். டீசலுக்கும் அவன் அதே மாதிரி தனித்துணி ஒன்று வைத்திருந்தான். ஒரு கேன் வடிய இருபது நிமிஷம். டீசல் என்ன தீர்த்தமா என்று நான் கேலி செய்துகொண்டே இருப்பேன்.

மார்கழியில் ஒரு நாள் சிங்கவரம் பாறைச் சரிவில் வண்டியை ஏற்றினோம். கடலைக்காட்டில் வேலை செய்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தம் நெல் அரைக்கும் மெஷின் போல, ஆனால் ஏறியது. நான் ஆடிய ஆட்டம் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாசிலாமணி அண்ணன் கடைக்கே வந்துவிட்டார்.

"சிங்கவரம் மேடு ஒரு மேடா? போளூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறி, அந்தாண்ட ஆலங்காயம் எறக்கு. ஒரு ஆளு கை வச்சித் தள்ளக் கூடாது, மாடு கட்டி இழுக்கக் கூடாது. நானே கூட வந்து பாக்கறேன். செஞ்சிட்டீன்னா இந்த மீசைய எடுத்துடறேன்."

கல்லாவில் இருந்த நைனா தலையைத் தூக்கினார். "செய்யலன்னா, வண்டி பழையபடி என் தராசுக்கு வந்துடணும். ஒண்ணே கால் வருஷமா இவன் கடையில ஒழுங்கா நின்னதே இல்ல."

சரி என்று சொன்னது என் வாய்தான். கண் நைனாவின் தராசுப் பக்கம் போயிற்று.

முதல் நாள் காலை 5.10க்குப் புறப்பட்டோம். நான் ஓட்ட, பக்கத்தில் அப்பாண்டை, பின்னால் மாசிலாமணி அண்ணன். அவர் மடியில் ஒரு துணிப்பை. உள்ளே புது வேட்டி. ஜெயித்துத் திரும்பும்போது கட்டிக்கொண்டு கடைத்தெருவில் இறங்கவாம். திருவண்ணாமலை 24 மைல், 6.20க்குச் சேர்ந்தோம். அங்கிருந்து போளூர் 21 மைல், இட்லி சாப்பிட்டது போக 8 மணி.

போளூரில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அப்பாண்டை ஒரு சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். டீசலுக்கு ஒரு கடையில் பீப்பாயிலிருந்து தகர டப்பாவால் மொண்டு ஊற்றினார்கள். டீசல் துணியைத் தேடினால் காணோம்; செஞ்சியில் கொடியிலேயே காயப்போட்டு வந்துவிட்டேன். "இன்னாப்பா, மலை நம்மளுக்காகக் காத்துக்கினு இருக்குமா?" என்று மாசிலாமணி அண்ணன் கொட்டாவி விட்டார். அப்படியே டேங்கில் ஊற்றச் சொல்லிவிட்டேன். அப்பாண்டை திரும்பி வந்ததும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அத்திமூர் தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் கியர், நாலு சக்கர இழுவை, மணிக்கு மூன்று மைல். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மூங்கில் தலைகள் மட்டும் தெரியும் பள்ளம். புளிமூட்டையுடன் இறங்கி வந்த மலைக்காரர் ஒருவர் ஓரமாக நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேல வண்டி போவுமாங்க?" என்று கேட்டேன்.

"போன வண்டி இருக்குது. நின்னு போன வண்டியும் இருக்குது" என்றார்.

1.40க்கு எங்கள் வண்டி இரண்டாவது வகையில் சேர்ந்தது. ஒரு வளைவில் இருமியது, குலுங்கியது, நின்றது. சக்கரத்துக்குக் கல் வைத்தோம். மாசிலாமணி அண்ணன் இறங்கவே இல்லை. பின் சீட்டில் சாய்ந்துகொண்டு மீசையைத் தடவ ஆரம்பித்தார். எனக்கு நைனாவின் தராசு கண்முன் ஆடியது.

அப்பாண்டை பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். உள்ளங்கையில் தண்ணீரும் கறுப்புச் சேறும் விழுந்தன. என்னைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். நாலு வசவு விழும் என்று நின்றேன். அவனோ, "தண்ணிய அந்த உசுருங்களுக்காக வடிகட்டறன். டீசல நம்ம உசுருக்காகடா" என்று மட்டும் சொன்னான். வசவே தேவலாம் போலிருந்தது.

டேங்க் முழுவதையும் கேன்களில் இறக்கினோம். வடிகட்ட என் துண்டை நீட்டினேன். புழுதி படிந்த, சல்லடை மாதிரித் துண்டு. அதை ஒதுக்கிவிட்டுத் தன் பையிலிருந்து தண்ணீர்த் துணியை எடுத்தான். வண்டியில் இருந்த ஒரே கெட்டியான, சுத்தமான துணி அது.

"டேய், அப்புறம் நீ எதுல தண்ணி குடிப்ப?"

"பொழுதுக்கும் குடிக்கலன்னா செத்தா போய்டுவன்? புனலப் புடி."

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வடித்து, பைப்பில் இருந்த காற்றை எடுத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் வெயிலில் நின்ற அப்பாண்டை ஒரு வாய் தண்ணீர் தொடவில்லை. 4.45க்கு இன்ஜின் பிடித்தது. அந்தச் சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் எழுந்து நிற்பேன். 5.40க்கு ஜமுனாமரத்தூர். சூரியன் விழுவதற்குள் அப்பாண்டை இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டான், அவ்வளவுதான்.

காலையில் நான் கண்விழித்தபோது துணி கிழியும் சத்தம் கேட்டது. மாசிலாமணி அண்ணன் தம் புது வேட்டியில் ஒரு முழம் கிழித்துக்கொண்டிருந்தார். அதை மடித்து அப்பாண்டையிடம் நீட்டினார். "பிடி. தண்ணி குடிச்சிட்டு வந்து வண்டியப் பாரு. நீ மயங்கி வுழுந்து நான் ஜெயிச்சேன்னு ஊர்ல எவனும் சொல்லக் கூடாது."

இரண்டாம் நாள் ஆலங்காயம் இறக்கம், சுமார் 22 மைல். இறக்கம்தானே என்று யாரும் அசட்டையாக இருக்காதீர்கள். பாதி வழியில் ஓர் ஓடை தடத்தை அரித்துக்கொண்டு போயிருந்தது. இறங்கிக் கடந்து எதிர்க்கரையில் ஏறும்போது ஈரமண் விட்டது. ஜீப்பின் பின்பக்கம் மெதுவாகப் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. பிரேக் பிடித்தால் சறுக்கும், விட்டால் விழும். நான் கத்தக்கூட இல்லை. பின்னாலிருந்து ஒரு ஆள் குதித்த சத்தம் மட்டும் கேட்டது.

"விடாத! ஆக்சிலேட்டர மிதி! மிதிடா ஏழுமல!"

மிதித்தேன். வண்டி ஒரு உறுமல் உறுமிக் கரையேறி நின்றது. திரும்பிப் பார்த்தால், முழங்கால் வரை சேற்றில் மாசிலாமணி அண்ணன். தோளில் ஜீப்பின் பின்தகடு பதிந்த கோடு. முட்டுக் கொடுத்துத் தள்ளியிருக்கிறார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 12.15க்கு ஆலங்காயம் சேர்ந்தோம்.

திருப்பத்தூரில் தங்கி, செங்கம், திருவண்ணாமலை வழியாக மூன்றாம் நாள் மதியம் செஞ்சி வந்தோம். மொத்தம் 185 மைல், 36 லிட்டர் டீசல், சாப்பாடு தங்கல் எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டு ரூபாய். சலூன் வாசலில் கடைத்தெருவே கூடியிருந்தது. நைனா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். அப்பாண்டை பொய் சொல்ல மாட்டான் என்பது ஊருக்கே தெரியும், எனவே அவனைத்தான் கேட்டார்.

"நடுவுல எவனாவது கை வச்சீங்களா?"

"வச்சாங்க" என்றான் அப்பாண்டை.

என் பதினான்கு மாதமும் அந்த ஒரு சொல்லில் தராசில் ஏறி உட்கார்ந்துவிட்டது. "யாரு?" என்று நைனா கேட்பதற்குள் மாசிலாமணி அண்ணன் முன்னால் வந்தார்.

"நாந்தான் தள்ளினேன். இன்னா இப்ப? தள்ளக் கூடாதுன்றது அவனுக்குத்தான் சட்டம், எனக்கில்ல. அந்த வண்டி பள்ளத்துல வுழற வண்டி இல்ல நைனா. மலைய ஏறிட்டு வந்த வண்டி."

நைனா அவரையே பார்த்தார். பிறகு சேறு காய்ந்த ஜீப்பைப் பார்த்தார். "தோக்க வேண்டியவனே தோள் குடுத்து ஜெயிக்க வச்சிருக்கான். இத எந்தத் தராசுலடா நிறுக்கறது? வண்டிய வீட்டாண்ட கொண்டு போய் நிறுத்து" என்றார். கூட்டம் விசிலடித்தது. நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன். மீசையை விட்டுவிடலாம் அண்ணா என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "ரெண்டு பக்கமும் எடுப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

போகப் போகிறவர்களுக்கு: மழை முடிந்து தை, மாசியில் போங்கள். பழைய டீசல் வண்டியை எங்கே நிறுத்தினாலும் முகம் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள், ஸ்டார்ட் ஆகாவிட்டால் உருட்டிக் கிளப்பலாம். வெளிச்சம் இருக்கும்போதே வண்டியை ஓரம் கட்டுங்கள். அப்பாண்டையின் சாப்பாட்டு நேரம் எங்களை இருட்டில் மலைப்பாதை ஓட்டாமல் காப்பாற்றியது. பின் சீட்டில், நீங்கள் தோற்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு நல்ல ஆளை உட்கார வையுங்கள்; வண்டியை அவரைவிட உன்னிப்பாக யாரும் கவனிக்க மாட்டார்கள். டீசலை எந்த அவசரத்திலும் வடிகட்டாமல் ஊற்றாதீர்கள்.

கடைசியாகச் சொன்னது எனக்கு மட்டும் புரிந்த பாடம் இல்லை. மறுநாள் காலை நான் கடை திறக்கப் போகும்போது, எதிரே ஜவுளிக்கடை வாசலில் மீசையில்லாத ஒருவர் நின்றிருந்தார். சட்டென்று அடையாளம் தெரியவில்லை. "நல்ல கெட்டித் துணியா ரெண்டு கஜம் கிழி. லாரிக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.