இடது காது

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் நர்ஸாகப் போய்க்கொண்டிருந்தேன். வெளியே ‘தையல் வகுப்பு’ என்று போர்டு. உள்ளே இருந்ததெல்லாம் புருஷனிடம் அடி வாங்கி ஓடிவந்த பெண்கள். ஊசியில் நூல் கோர்க்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

அங்கே போய்த்தான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு இடது காது மந்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் செவிப்பறையில் ஓட்டை. எதிரே நிற்பவன் வலது கையால் அறைந்தால் அது இடது காதில்தான் விழும். நர்ஸிங் பாடத்தில் இது இல்லை. பாடம் எழுதியவர்கள் ரொம்ப நல்ல குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை கமிட்டி கூடும். தலைவியம்மா காரில் வந்து இறங்கி, பொறுமையைப் பற்றி மெல்லிய குரலில், பாதி இங்கிலீஷில் பேசுவார். பெண்கள் வலது காதை முன்னால் கொடுத்து, தலையைச் சாய்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். என்ன பணிவு பாருங்கள் என்று அவர் பூரித்துப்போவார். விஷயத்தைச் சொல்லிவிட எனக்கு வாய் துறுதுறுக்கும். சொல்லவில்லை, அந்தப் பேச்சு காதில் விழாததால் யாருக்கும் நஷ்டமில்லை.

வத்தலக்குண்டிலிருந்து ஒருத்தி வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். செவிப்பறைக் கிழிசல் புதிது. தண்ணீர் படாமல், இன்னொரு அடி விழாமல் இருந்தால் தானாகவே மூடிக்கொள்ளும். தண்ணீருக்குப் பஞ்சு வைத்தேன். பூண்டு காய்ச்சிய எண்ணெயோடு பின்னாலேயே அலைந்த சமையல்கார அம்மாளை விரட்டினேன். அடிக்குத்தான் என்னிடம் மருந்தில்லை. பத்தாம் நாள், சரியாகக் கமிட்டி கூடிய அன்று, புருஷன் வந்து நின்றான்.

வெள்ளைச் சட்டை, கண்ணில் ஈரம், கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். அது விளைகிற மலைக்கே அதைச் சுமந்து வந்திருந்தான். ஒரே ஒரு அடிதானாம், அதுவும் கோபத்தில் கை தவறி விட்டதாம். கமிட்டி உருகிவிட்டது. சாயங்கால பஸ்ஸுக்கே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று தலைவியம்மா தீர்ப்புச் சொன்னார். அனுப்பினால் அவளுக்கு அந்தக் காது இல்லை. கமிட்டி முன்னால் நர்ஸுக்கு ஏது வாய்? பொய்தான் சொல்ல முடிந்தது.

“இந்தக் காதோட மலை இறங்கக் கூடாதுங்கம்மா. பாதி வழியில அடைச்சுதுன்னா செவிப்பறை முழுசாப் போயிரும். மூணு மாசமாவது ஆகணும்” என்றேன்.

உண்மையில் ஓட்டைக் காது அடைக்கவே அடைக்காது. காற்று அதன் வழியே தாராளமாகப் போய்வரும். ஆனால் தலைவியம்மாவுக்கு மலை ஏறி இறங்கும்போதெல்லாம் காது அடைக்கும். அறை வாங்குவது என்னவென்று அவருக்குப் புரியவில்லை, காதடைப்பு உடனே புரிந்துவிட்டது. அது பெரிய அவஸ்தையாயிற்றே என்று பரிதாபப்பட்டு அவனைத் தனியாக அனுப்பிவைத்தார். பழத்தை நாங்கள் சாப்பிட்டோம்.

மூன்று மாதமும் நான் ஒருத்தியைக் காப்பாற்றிய மிதப்பில் திரிந்தேன். செவிப்பறை ஓட்டை அழகாக மூடியது. மூன்றாம் மாதக் கமிட்டி கூடியது. அவனும் வந்தான், அதே சட்டையோடு. காது ஆறிவிட்டதா என்று தலைவியம்மா கேட்டார். இன்னொரு பொய் தேடினேன், அகப்படவில்லை. ஆறிவிட்டது என்றேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அப்போது அவள் எழுந்து நின்றாள்.

“காது நல்லாக் கேக்குதுங்க. நான் போகலை.”

இதென்னம்மா திடீரென்று என்றார் தலைவியம்மா.

“திடீர்னு இல்லீங்கம்மா. இனி அங்க போகக் கூடாதுன்னுதான் வந்ததே. யாரும் கேக்கலை.”

அவன் அன்றும் தனியாகத்தான் பஸ் ஏறினான். ஆனால் ‘யாரும்’ என்று சொல்லும்போது அவள் என்னைத்தான் பார்த்தாள். மூன்று மாதம், வாரம் இரண்டு தடவை, அந்தக் காதுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். உனக்குப் போக இஷ்டமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.