பல்லுக்காகக் குறைத்த சம்பளம்

என் கணவருக்கு நெஞ்சு அடைத்தபோது இந்த நாடு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நெஞ்சைத் திறந்து, இரத்தக் குழாய்களைச் சரிசெய்து தைத்து அனுப்பினார்கள். ஆனால் டென்மார்க்கில் வாய் உடம்பைச் சேர்ந்தது அல்ல. வளர்ந்தவர்களின் பல்லுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதியை அவரவரே கட்டவேண்டும். பல் வலித்தால் பிடுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போன ஆட்கள் நாங்கள். அதனால் இத்தனை வருடமும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

அவர் மன்னாரிலிருந்து இங்கே வந்தபோதே வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இக்காஸ்ட் என்ற ஊரில் துணி ஆலையில் வேலை செய்தார். அது மூடியபின் ஜன்னல் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். பிந்தி வந்தவர்களுக்கு முழு ஓய்வூதியம் கிடையாது, இருந்த வருடங்களுக்கு ஏற்ற பங்குதான். அந்தப் பங்கோடு வீட்டில் இருக்கத் தொடங்கிய காலத்தில்தான் முன்பற்கள் ஆடத் தொடங்கின. ஒன்று விழுந்தது, பிறகு மற்றது. கத்தோலிக்கக் கோயிலில் மாதத்தில் ஒரு முறை நடக்கும் தமிழ்ப் பூசையில் வேதாகமத்தின் முதல் வாசகம் வாசிப்பவர் அவர்தான். பல் விழுந்தபின், தொண்டை சரியில்லை என்று சொல்லிப் பின் வரிசை வாங்கில் போய் இருந்துகொண்டார். யாராவது பகிடி சொன்னால் மீசையைத் தடவுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

பல் வைத்தியர், மிச்சப் பற்களையும் எடுத்துவிட்டு மேலும் கீழும் கட்டுப்பல் வைக்கவேண்டும் என்றார். செலவைச் சொன்னதும் என் கணவர் கதிரையிலிருந்து எழுந்து ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டார். காரில் வரும்போது, "சோத்தைக் குழைச்சுத் தின்னலாம், இதென்ன பெரிய வேலை" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் தமிழர்களுக்கு அரசாங்க விஷயங்களை விளக்கிச் சொல்கிற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன்.

"பென்சன்காரருக்குச் சுகாதார உதவி எண்டு ஒண்டு இருக்கு. பல்லு, கண்ணாடி, மருந்து எல்லாத்துக்கும் பெரும்பங்கை அவை கட்டுவினம். ஆனா வருமானம் குறைவா இருக்கோணும்" என்றார்.

"அவற்ர பென்சன் குறைவுதானே, அண்ணை."

"அவற்ரது குறைவு. உங்கட சம்பளம் கூட. ரெண்டு பேரிண்டையும் சேர்த்துத்தான் பாப்பினம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீங்கள் மணித்தியாலத்தைக் குறைச்சா அலுவல் நடக்கும். களவில்லை, அக்கா. சட்டம் இடம் குடுக்குது."

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தேன். என் சம்பளம் யாருக்கும் பெரிதாகத் தெரியும் என்று அதுவரை நான் கனவிலும் நினைத்ததில்லை. நம்பாமல் கொமூனுக்கே போய்க் கேட்டேன், எங்கள் நகரசபையைத்தான் சொல்கிறேன். அங்கிருந்த பெண் அன்பாகவே பேசினாள். கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் கணவர் தனியாக வாழ்பவராக இருந்தால் கிடைத்திருக்கும்" என்றாள்.

"அப்படியென்றால் நாங்கள் விவாகரத்துச் செய்யவேண்டுமா?" என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "அது உங்கள் சொந்த விஷயம்" என்றாள்.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைச் சோற்றுக் கோப்பையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "கோயில்ல கட்டின கலியாணம். இந்தக் கதையை இனி இந்த வீட்டில எடுக்காதேயும்" என்றார்.

விவாகரத்துக் கதையை எடுக்கவில்லை. மணித்தியாலத்தைக் குறைப்பதென்று நானே முடிவெடுத்தேன். எங்கள் மகள் கோல்டிங்கில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறாள். கோபம் வந்தால் அம்மா என்ற சொல் போய்விடும், டேனிஷில் "மோர்" என்பாள். சின்ன வயதில் அவள் அப்படிக் கூப்பிட்டால், மோர் இல்லை, தயிர்தான் இருக்கிறது என்று இவர் பகிடி பண்ணுவார். என் முடிவை அவளுக்குச் சொன்ன அன்று யாரும் பகிடி பண்ணவில்லை.

"மோர், இது முட்டாள்தனம்" என்று தொடங்கி, மிச்சத்தையும் டேனிஷிலேயே சொன்னாள். இப்போது குறைத்தால் பிறகு உங்கள் ஓய்வூதியச் சேமிப்பும் குறையும், பல்லுக்கு நான் காசு தருகிறேன் என்றாள்.

அவர் தமிழில் பதில் சொன்னார்: "பிள்ளையிட்டக் காசு வாங்கிப் பல்லுக் கட்டுற நிலைக்கு நான் இன்னும் வரேல்லை."

அரசாங்கத்திடம் வாங்கலாம், மகளிடம் வாங்கக்கூடாது. அந்த நியாயம் எனக்கு அன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோல் தலையாட்டினேன்.

வேலையிடத்தில் என் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர் மறுப்பார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று சொற்களை எல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் உடனே சம்மதித்தார். "பரவாயில்லை, எங்களுக்கும் அது வசதிதான்" என்றார். அத்தனை வருடம் குனிந்து நிமிர்ந்து முதுகைக் கொடுத்த இடத்தில் நான் பாதி இல்லாமற் போவது அவர்களுக்கு வசதி.

வருமானம் குறைந்தது. உதவியும் கிடைத்தது. அண்ணை சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. பற்களைப் பிடுங்கினார்கள், ஈறு ஆறும்வரை கஞ்சியும் சூப்பும் குடித்தார், பிறகு கட்டுப்பல் வந்தது. முதல்நாள் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வாசகத்தை உரத்து வாசித்துப் பார்த்தார். "ச" வரும் இடமெல்லாம் விசில் அடித்தது. நான் குசினியில் நின்று சிரித்தேன். அவரும் உள்ளேயிருந்து சிரித்தார். அடுத்த மாதப் பூசையில் வாசித்தார். விசில் குறைந்திருந்தது.

பிறகுதான் அந்த அண்ணையின் பேரப்பிள்ளைக்கு கோயிலில் முதல் நன்மையாக நற்கருணை கொடுத்த கொண்டாட்டம் வந்தது. மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு எதிரே அண்ணையும் மனைவியும் இருந்தார்கள். என் கணவர் ஆட்டிறைச்சியை நன்றாகக் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணையின் மனைவி பக்கத்துப் பெண்ணிடம் வரியைப் பற்றிக் கதைத்தாள். குரலைத் தணிக்கவில்லை.

"நாங்கள் மாடா உழைச்சு வரி கட்டுறம். சிலபேர் வேலையைக் குறைச்சுப்போட்டு அரசாங்கத்திட்டப் பல்லுக் கட்டுகினம்."

அண்ணை தன் கோப்பையைப் பார்த்தார். வழி சொன்னவர் அவர். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அக்கா, ஆரைச் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"ஐயோ, உங்களை இல்லை. பொதுவாச் சொன்னனான்" என்றாள்.

என் கணவர் வாயில் இருந்ததை விழுங்கினார். கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். யாரோடும் முகம் கோணாமல் எழுந்து, பிள்ளைக்குக் காசுக் கவரைக் கொடுத்து ஆசீர்வதித்துவிட்டு வெளியே வந்தார். காரில் ஏறியதும் பற்களைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றி ஜக்கெட் பையில் வைத்தார். அதன் பிறகு வெளியே போகும்போது அவர் அவற்றைப் போட்டதில்லை. வீட்டில் மட்டும் போடுவார். உயிர்ப்புத் திருநாளுக்கு வாசிக்கச் சொல்லிப் பூசை வைக்கும் சுவாமி தொலைபேசியில் கேட்டபோது, "வேற ஆரும் இளம் பிள்ளையளைக் கேளுங்கோ, சுவாமி" என்றார்.

"ஆரோ சொன்னதுக்கு நாங்கள் ஏன் பயப்பிடோணும்?" என்று ஒருநாள் சண்டை பிடித்தேன். "நான் வேலையைக் குறைச்சது நீங்கள் கோயில்ல வாய் திறக்கோணும் எண்டுதான்."

"நான் கேட்டனானோ?" என்றார்.

கேட்கவில்லைதான். இரண்டு பேரும் கன நாள் தேவைக்கு மட்டும் கதைத்தோம்.

அதற்குப் பிறகு ஒரு வருடத் தொடக்கத்தில் மகள் தொலைபேசி எடுத்தாள். சட்டத்தை மாற்றிவிட்டார்களாம். ஓய்வூதியக்காரரின் மனைவி வேலை செய்து உழைப்பதை இனிக் கணக்கில் எடுக்கமாட்டார்களாம். இந்த முறை அவள் தமிழிலேயே சொன்னாள், மெதுவாக, நோயாளியிடம் சொல்வதுபோல. முன்பு சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை. குத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழைய மணித்தியாலங்களைத் திருப்பிக் கேட்கப் போனேன். அந்தப் பொறுப்பாளர் மாறிப் புதியவர் ஒருத்தி வந்திருந்தாள். வயது என் மகளை விடக் குறைவாக இருக்கும். அந்த நேரங்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று, இப்போது சிக்கனக் காலம் என்றாள். பிறகு, "இந்த வயதில் கொஞ்ச நேரம் வேலை செய்வது உங்களுக்கும் நல்லதுதானே?" என்று தேநீர் ஊற்றித் தந்தாள். குடித்தேன்.

யாரைக் குறை சொல்வது என்று இப்போதும் யோசிக்கிறேன். கொமூன் பெண் பொய் சொல்லவில்லை. பொறுப்பாளர்கள் மரியாதையாகவே நடந்தார்கள். அண்ணை சொன்ன வழி சரியான வழிதான். நல்லவர்கள் எல்லோரும் தங்கள் பங்கைச் செய்து முடித்தபோது நான் அரைச் சம்பளக்காரியாக நின்றேன். மகனோ மகளோ கெட்டுப்போனால்கூடத் திட்டுவதற்கு ஒரு ஆள் இருக்கும். இதில் திட்ட ஆளில்லை.

இப்போது சனிக்கிழமைக் காலையில் ஹெர்னிங்கில் ஒரு அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்யப் போகிறேன். விட்ட சம்பளத்தில் ஒரு துண்டையாவது பிடிக்கலாம் என்றுதான். முழங்கால் வலிக்கிறது. இவர்தான் காரில் கொண்டுவந்து விடுவார். போன கிழமை கட்டடத்து வாசலில் இறங்கியபோது, "நானும் வந்து குப்பைக்கூடையளைக் கொட்டி விடட்டே?" என்று கேட்டார்.

"நெஞ்சு வெட்டின ஆள், பேசாமக் காருக்குள்ள இருங்கோ" என்றேன்.

சரியென்று வானொலியைப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்தேன்.