சத்தம் வைத்த டிவி

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் முத்துக்கருப்பன் என்று கேட்டால் தெரியாதவர் இல்லை. இருபத்தாறு வருடம் கம்பமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போனவர். அத்தனை வளைவிலும் ஒரு விபத்து கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை அவருடைய இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. மனைவி பவானிக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. அதனால் ஊசி, மருந்து, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் பராமரிப்புப் பயிற்சி எடுத்த, அவரைவிட மூத்தவளான என்னை வைத்துக்கொண்டார்கள்.

கால்பந்து அவருக்கு மலை மேலே பிடித்தது. வருடா வருடம் எஸ்டேட்டுகளுக்குள் பந்தயம் நடக்கும். இவர் தமிழ்நாட்டு ஆள், இரண்டு பக்கத்துக்கும் பொது என்று சொல்லி, எல்லைக் கோட்டில் நிற்பவர் பிடிக்கும் கொடியை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். சக ஆள் பந்தைத் தட்டிவிடும் நேரத்தில், எதிரணியின் தடுப்பு ஆட்களைத் தாண்டி முன்னால் போய் நிற்பது ஆஃப்சைடு. அப்படிப் போடும் கோல் செல்லாது. அதைக் கண்டுபிடித்துக் கொடியைத் தூக்குவதுதான் இவர் வேலை. பதினெட்டு வருடம் தூக்கினார். தூக்கியது தப்பு என்று மேலே ஒருவரும் சொன்னதில்லை.

2022 நவம்பரில் உலகக் கோப்பை வந்தது. அர்ஜென்டினா அவருடைய அணி. அதன் முதல் ஆட்டம் சவூதி அரேபியாவோடு, செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரைக்கு. மதுரைக் கண் ஆஸ்பத்திரியிலும் அதே நாள்தான் வரச் சொல்லியிருந்தார்கள்.

கிளம்பும்போதே பவானியிடம் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு மேட்ச் பாக்குறேன். ஒண்ணும் பிடிபடலைன்னா டிவியை உன் தம்பி வீட்டுக்குக் குடுத்துரு. சும்மா சுவரைப் பாத்து உக்கார என்னால முடியாது."

ஆஸ்பத்திரி வேலை முடிய இரண்டு மணி ஆனது. பஸ் ஏறினால் ஆட்டம் வழியிலேயே முடிந்துவிடும். மதுரையில்தான் டிவி தேட வேண்டும்.

முதல் டீக்கடையில் கிரிக்கெட். இரண்டாவதிலும் கிரிக்கெட். மாற்றிப் போடச் சொன்னேன். "கால்பந்தா? யாரு பாக்குறதுங்க?" என்றான் டீ ஆற்றியவன்.

"கண்ணு தெரியாத நானே பாக்கப் போறேன், உனக்கென்னலே?" என்றார் இவர்.

மூன்றாவது ஒரு ஏசி ஹோட்டல். சுவர் அகலத்துக்குத் திரை, அதில் கால்பந்துதான். ஆனால் சத்தம் வைக்கவில்லை, சினிமாப் பாட்டு ஓடியது. சத்தம் வையுங்கள் என்று கேட்டேன். "ஃபேமிலி வர்ற இடம்மா" என்றார் மேனேஜர். முத்துக்கருப்பன் கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சும்மா சுவரைப் பாத்து உக்காரதுன்னு இதைத்தேன் அக்கா சொன்னேன். வாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம்."

"போன்ல போட்டுக் காதுல மாட்டி விடவா தம்பி?"

"ஆளுக நடுவுல உக்காந்து கேக்கணும்க்கா. தனியாக் கேக்குறதுக்கு மேட்ச் எதுக்கு?"

எனக்கு ஆஸ்பத்திரி நடைமுறை தெரியும். அங்கே கேரளத்திலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். கூட வரும் ஆட்கள் எங்கேயோ சாப்பிட வேண்டும். அந்தக் கடையில் கால்பந்து ஓடாமல் இருக்காது. ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடம் கேட்டேன். பின் தெருவில் லாட்ஜுக்குக் கீழே ஒரு புட்டுக்கடை என்றார்.

தெருமுனைக்குப் போகும்போதே கூச்சல் கேட்டது. அர்ஜென்டினா பெனால்டியில் ஒரு கோல் போட்டிருந்தது. சின்னக் கடை, சின்ன டிவி, மலையாள வர்ணனை முழுச் சத்தத்தில். முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். நான் முழங்கையால் வழி பண்ணி அவரை நடு பெஞ்சில் உட்கார வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பந்து மறுபடி வலைக்குள் போனது. கடையே எழுந்து குதித்தது. இவர் மட்டும் எழவில்லை.

"உக்காருங்கப்பா. ஆஃப்சைடு."

"எந்தா சேட்டா, கண்டில்லே? கோலாணு!" என்றார் பக்கத்தில் இருந்த மலையாளி, பார்க்கவில்லையா என்று. அதற்குள் திரையில் கொடி காட்டினார்கள். கடை அடங்கியது. பக்கத்துக்காரர் இவருடைய கண்ணை அப்போதுதான் கவனித்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"நெசமாவே கோலுன்னா மைதானத்துல சவூதிக்காரக சத்தம் செத்துப் போயிருக்கணும். போகலையே. விசிலும் இழுத்து ஊதுனாக. நீங்க கத்துன கத்துல கேக்கலை."

இரண்டாவது முறை இவரும் ஏமாந்தார். எழுந்து நின்று என் தோளை உலுக்கினார். வீடியோவில் பார்த்து, அதுவும் ஆஃப்சைடு என்று அறிவித்தார்கள். "இது மெசின் கண்டுபிடிச்சது. மனுசனால முடியாது" என்று விளக்கம் சொன்னார். கடை சிரித்தது.

மூன்றாவது முறை பந்து உள்ளே போனபோது ஒருவரும் கத்தவில்லை. முப்பது பேரும் டிவியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"சேட்டா, கோலாணோ?"

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வலது கையை நேராக மேலே தூக்கினார், கொடி பிடித்த அதே தோரணையில். அடுத்த நொடி திரையிலும் கொடி. கடைக்காரர் கல்லாவை விட்டு வந்து அவருக்கு ஒரு டீ கொடுத்தார். சர்க்கரை இல்லாமல் மாற்றி வாங்கினேன்.

இடைவேளைக்குப் பிறகு சவூதி இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. கடை இழவு வீடு மாதிரி ஆனது. இவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக நோயாளிகளைப் பார்க்கிறேன். கண் போன ஒருவர் என் கையைப் பிடிக்காமல் கிளம்ப எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். படி இறங்கத்தான் என் தோளைத் தொட்டார்.

பஸ் உசிலம்பட்டி தாண்டும்போது பவானிக்கு போன் போடச் சொன்னார். நான் ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தோத்துட்டாகளாம்ல?" என்றாள் பவானி.

"தோத்தா தோத்துட்டுப் போறாக. மூணு ஆஃப்சைடு பவானி, மூணையும் நாந்தேன் சொன்னேன்!"

"ரெண்டு" என்றேன்.

"சரி, ரெண்டு. டிவியைத் தூக்கிக் குடுத்துறாத. அங்கனயே இருக்கட்டும். சத்தத்தை மட்டும் பெருசா வைக்கணும்."