கரண்ட் போனால் வேகமாக ஓடிய லேப்டாப்

1. லிஸ்ட்டில் விட்டுப்போன பெயர்

"ஏனுங்க சார், உங்க பொட்டியால ஒரு ஆளுக்கு மருந்து விட்டுப்போச்சுங்க."

ஏற்காட்டிலிருந்து ரெஜினாம்மா ஃபோனில் இப்படித்தான் ஆரம்பித்தார். குரல் உடைந்திருந்தது. கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று என்னைத் திட்டியவர்கள் ஏராளம். அதற்காக ஒருவர் அழுது நான் கேட்டது அன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இன்ஜினியர். மலைமேல் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு லேப்டாப் போயிருந்தது. ரெஜினாம்மா அங்கே ரெக்கார்டு கிளார்க். நாற்பது வயது இருக்கும். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் பதிவு முழுக்க அவர் கையில். புதன்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி ஜீப் மலைக் கிராமங்களுக்குக் கிளம்பும். யாருக்கு எந்த மாத்திரை, எத்தனையாவது வாரம் என்கிற லிஸ்ட்டை அதற்குள் அவர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். லிஸ்ட்டில் பெயர் இல்லாவிட்டால் அந்த வீட்டு முன்னால் ஜீப் நிற்காது.

லிஸ்ட் போடுகிற புரோகிராம் விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்தது. எழுதிக் கொடுத்தவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். புது லேப்டாப்பின் விண்டோஸில் அது ஓட மறுத்தது. அதனால் உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராலேயே செய்த இன்னொரு கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய புரோகிராம் அதற்குள் உட்கார்ந்துகொண்டு, பழைய மெஷினில்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு வேலை செய்யும். அப்போது அது புத்தம்புதுச் சங்கதி. சேலம் ஜில்லாவிலேயே அதைப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எனக்கொரு நினைப்பு இருந்தது.

அந்த விர்ச்சுவல் மெஷின்தான் படுத்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் வரவேண்டிய லிஸ்ட் ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. வெளியே டிரைவர் தங்கராசு ஹாரனை அடித்துக்கொண்டிருக்க, திரையில் ஊர்ந்து வந்த பெயர்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார் ரெஜினாம்மா. அந்த அவசரத்தில் கொட்டச்சேடு கிராமத்து வெள்ளையன் என்பவர் பெயர் விட்டுப்போயிற்று. மலை விவசாயி. ஆறு மாத மருந்தில் ஐந்து மாதத்தை முடித்தவர்.

"ஜீப்பு நிக்காம போனதும் மருந்து முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுட்டாருங்க சார். மறுநா நானே மாத்திரையை எடுத்துக்கிட்டு பஸ்ஸேறிப் போனேன். ஊடு பூட்டிக் கெடக்குது. சம்பந்தி ஊட்டுக்குப் போயிட்டாராம், செவ்வாக்கெழமைதான் வருவாராம்."

"அடுத்த வாரம் அவர் பெயரைக் கையால் சேர்த்துவிடுங்களேன்" என்றேன் நான், பெரிய மேதாவி மாதிரி.

"அவரு பேரை எழுதிப்புடலாங்க. அடுத்தாப்பல விட்டுப்போற பேரு எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"



2. நான் செய்த வைத்தியங்கள்

அதற்கு முன்பே மூன்று தடவை மலை ஏறி இறங்கியிருந்தேன். முதல் தடவை, விர்ச்சுவல் மெஷினுக்கு மெமரி போதவில்லை என்று அதிகமாக ஒதுக்கிக் கொடுத்தேன். அப்படி அள்ளிக் கொடுத்தால் விண்டோஸுக்கு மெமரி இல்லாமல் போய் இரண்டுமே திணறும் என்பது பிறகுதான் உறைத்தது. அளவைக் குறைத்தேன். பேட்டரியில் ஓடும்போது வேகத்தைக் குறைக்கிற செட்டிங் ஒன்று இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை மெமரிக்குப் புது ராம் வாங்கிப் போட்டேன். மூன்றாம் தடவை லேப்டாப்பைச் சேலத்துக்கே தூக்கி வந்து இரண்டு நாள் ஓட்டினேன். சேலத்து வெயிலில், ஓடாத ஃபேனுக்குக் கீழே, அது பறந்தது.

ஆஸ்பத்திரியிலும் நான் போனால் நன்றாகவே ஓடும். ரெஜினாம்மாவின் மேசையில் என் சாமான்களைப் பரப்ப இடம் இருக்காது. லேப்டாப்பை ஜன்னலோர மேசைக்கு எடுத்துப் போய் உட்காருவேன். ஒரு குறையும் தெரியாது. நான் பஸ் ஏறி ஒண்டிக்கடை ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் மறுபடி படுத்துவிடும். அந்தம்மாவுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்காம் தடவை போகக் கேட்டபோது முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலையில என்னப்பா, பொண்ணு ஏதாவது பாத்து வெச்சிருக்கறயா?" என்றார். மருந்து விட்டுப்போன கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி பண்ணாம எறங்கி வராத" என்றார்.

3. புதன்கிழமை

முதல் பஸ்ஸில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க மேகம். ஆஸ்பத்திரிக்குள்ளும் அது வந்து உட்கார்ந்திருந்தது, சுவரைத் தொட்டால் கை நனைந்தது. இந்தத் தடவை லேப்டாப்பை நகர்த்தாமல் அவர் மேசையிலேயே, அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மேசைமேல் பூவேலை செய்த துணி போர்த்திய ஒரு மரப் பெட்டி. அதன் மேல் லேப்டாப். கண்மட்டத்துக்கு உயர வேண்டும் என்று வைத்திருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழரைக்கு ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு முதல் தடவையாக என் கண் முன்னாலேயே படுத்தது. ஒரு பெயர் வந்து, அடுத்த பெயர் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். எட்டேகாலுக்கு லிஸ்ட்டில் கால்வாசிகூட வரவில்லை. வாசலில் தங்கராசு ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று கரண்ட் போயிற்று. டியூப்லைட் அணைந்தது. பிரிண்டர் யுபிஎஸ்ஸில், லேப்டாப் பேட்டரியில்.

"அப்பாடா" என்றார் ரெஜினாம்மா. "இனி பாருங்க சார், பத்து நிமிசத்துல ஓடும்."

நான் சிரித்துவிட்டேன். "பேட்டரில எந்த லேப்டாப்பும் வேகமா ஓடாதுங்க மேடம்."

அவர் கோபப்படவில்லை. டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து என் முன் வைத்தார். ஒவ்வொரு நாளும் புரோகிராமை எப்போது ஆரம்பித்தார், எப்போது மெதுவானது, வெளியே மழையா மேகமா, கரண்ட் இருந்ததா போனதா என்று ஸ்கேலால் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். வேகமாக ஓடிய நாளில் எல்லாம் ஒரே குறிப்பு: கரண்ட் போய்ப் பத்து நிமிடம் கழித்து.

மூன்று தடவை வந்த நான் ஒரு வரிகூட எழுதி வைத்ததில்லை. அந்த நோட்டைப் பார்த்தபோது, இந்த அம்மா என் வேலையில் இருந்திருந்தால் நான் அவரிடம் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது.

அந்தப் பத்து நிமிடம்தான் என்னை உலுக்கியது. கரண்ட் ஒரு நொடியில் போய்விடும். போவதற்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வது எது? லேப்டாப்பின் அடியில் கை வைத்தேன். சுட்டது.

"மேடம், இந்த ரூம்ல கரண்ட்டுல ஓடறது என்னென்ன?"

"டியூப்லைட்டு, பிரிண்டரு, உங்க பொட்டி..." விரல் விட்டு எண்ணியவர் சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். "அப்பறம் உள்ள எரியற பல்பு."

"எந்தப் பல்பு?"

அவர் துணியை விலக்கினார். அது ஆரஞ்சுப் பழம் அடுக்குகிற பெட்டி. உள்ளே ஃப்ளாப்பிகள், பழைய நோயாளிக் கார்டுகள், மூலையில் ஒரு நாற்பது வாட் பல்பு. பெட்டியின் மேல் பலகையில் வரிசையாகத் துளைகள். ஈரத்தில் ஃப்ளாப்பி பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பல்பு. அதன் சூடு மேலே இருக்கிற லேப்டாப்புக்கும் கிடைக்கட்டும் என்று துளை. குளிர்ந்த காற்றை அடிப்பக்கமாக இழுத்துக்கொள்ள வேண்டிய லேப்டாப், காலையிலிருந்து பல்புச் சூட்டையே இழுத்துக்கொண்டிருந்தது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஒரு மெஷினுக்குள் இன்னொரு மெஷினைச் சுமக்கிறது, கேட்க வேண்டுமா? கரண்ட் போனால் பல்பு அணையும், பெட்டி ஆறும்; அந்தப் பத்து நிமிடம் அதற்குத்தான். சேலத்தில் பறந்தது குளிர்ந்த ஏற்காட்டில் ஏன் படுத்தது என்று அன்றுதான் புரிந்தது.

"இதை ஏன் மேடம் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"பீரோவுல பல்பு எரியாத ஊடு இந்த மலையில எங்கங்க இருக்குது? அதையெல்லாம் போயி யாராச்சும் சொல்லுவாங்களா?" என்றார். அப்புறம் தான் செய்தது புரிந்து முகம் சுருங்கிவிட்டது. "முந்தின கம்ப்யூட்டரு ஈரத்துல செத்துப்போச்சுங்க சார். இதாவது நல்லா இருக்கட்டும்னுதான் தொளை போட்டு வெச்சேன். நானே கெடுத்துப்புட்டனே."

"கெடுக்கலீங்க. இந்த நோட்டு இல்லீன்னா இன்னும் பத்து ராம் வாங்கிப் போட்டிருப்பேன்" என்றேன். அது நிஜம்.

லேப்டாப்பைத் தூக்கி வெறும் மேசையில், இரண்டு ஸ்கேல்களின் மேல் வைத்தோம். திரையில் பெயர்கள் மளமளவென்று இறங்க ஆரம்பித்தன. எட்டு ஐம்பதுக்குப் பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. ரெஜினாம்மா காகிதம் கிழிபடுவதற்கு முன்பே குனிந்து கொட்டச்சேட்டைத் தேடினார். வெள்ளையன் இருந்தார். எதற்கும் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார்.

பல்பை எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சேலத்துல இருக்கறீங்க. எங்க ஆடி மாசம் உங்களுக்குத் தெரியாதுங்க. வேலை செய்யறப்ப மேசை மேல, வேலை முடிஞ்சு ஆறுனதும் பெட்டி மேல." அதுதான் சரி. அந்த லேப்டாப் பூஞ்சையும் பிடிக்காமல், படுத்துக்கொள்ளவும் செய்யாமல், வாரன்ட்டி முடிந்த பிறகும் பல வருடம் உழைத்தது.

அன்று ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டு கொட்டச்சேடு போனேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் ரோட்டோரம் நின்றிருந்தார். வெள்ளையன். "நிக்கறீங்களா, போறீங்களான்னு பாக்கலாம்னு வந்தனுங்க" என்று சிரித்தார். தங்கராசு பிரேக்கை அவ்வளவு அழுத்தி மிதித்து நான் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷினைத் திறப்பதற்கு முன்னால், அதை ஓட்டுகிறவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு காலை நேரம் உட்காருங்கள். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவர் நினைக்காததைக் கேட்டு வாங்குவதுதான் சர்வீஸ்.

சில வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, ரெஜினாம்மா ஃபோன் செய்தார்.

"சார், இன்னிக்கு லிஸ்ட்டுல வெள்ளையன் பேரு இல்லீங்க."

மறுபடியுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"விட்டுப்போன வாரத்தையும் சேத்திச் சாப்பிட்டு முடிச்சுட்டாருங்க" என்றார் அவர். "புரோகிராமு தானாவே எடுத்துருச்சு. உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுச்சு."

பின்னால் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. மணி ஒன்பது.